கல்லை மட்டும் கொண்டுவந்தவள்

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவளின் மடியில் கனமான கட்டைப்பை ஒன்று இருந்தது.

“என்னக்கா அது?” என்று இளையவள் கேட்டாள்.

“கிரைண்டர் கல்லு. புருஷனை விட்டுட்டு வந்தப்ப நான் எடுத்துக்கினு வந்த சொத்து.”

“மீதி கிரைண்டரு?”

“அவராண்ட இருக்குது. அவரு வீட்டுல மாவு அரைக்கக் கூடாதுன்னு கல்லை மட்டும் தூக்கிக்கினு வந்துட்டேன். அந்த அவசரத்துல என் நகையை பீரோவுலயே மறந்துட்டேன்.”

இளையவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “கல்லை மட்டும் வச்சிக்கினு நீயும் அரைக்க முடியாதேக்கா?”

“உளுந்தை ஊறப் போட்டப்புறம்தாம்மா அது எனக்கே புரிஞ்சுது. மூணு வருஷமா ரெண்டு வீட்டுலயும் கடை மாவுதான்.”

“இப்போ எங்க எடுத்துக்கினு போற?”

“பத்திர ஆபீஸுக்கு. வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருக்குது. அதை வித்தாத்தான் என் பொண்ணை காலேஜுல சேர்க்க முடியும். கல்லு வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன்றாரு. எங்க வக்கீலு தலையில அடிச்சிக்கினாரு.”

பத்திர ஆபீஸ் வாசலில் ஆட்டோ நின்றது. அவள் இறங்கிப் போய், அங்கே காத்திருந்த கணவரிடம் பையை நீட்டினாள். அவர் கல்லை வெளியே எடுத்து, எங்காவது உடைந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் ஆட்டோ பக்கம் திரும்பினாள்.

“பாத்தியாம்மா? எனக்கு ஏத்த ஜோடியாத்தான் கட்டி வச்சிருக்காங்க.”