ஹாஜரா என்ற தோணி

பரீட்சை அறையில் நான் எந்தப் பிள்ளையையும் ஏசினதில்லை, சேர். அன்றைக்கும் குரலை உயர்த்தவில்லை.

நம் பீடத்து மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு புரோகிராமிங் செய்முறைப் பரீட்சை. ஆலங்குடாவில் டொல்பின் பார்க்க வருகிறவர்களை, எந்தத் தோணியிலும் பாரம் கூடாமல் பிரித்து ஏற்றுகிற புரோகிராம் ஒன்றை எழுத வேண்டும். குறிஞ்சிப்பிட்டி ஃபஹ்மியாதான் முதலில் முடித்தாள். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்ததை விடச் சுருக்கமான வழி. முதல் தோணிக்கு ‘ஹாஜரா’ என்று தன் உம்மாவின் பெயரை வைத்திருந்தாள்.

திருத்தும்போது இனாஸின் புரோகிராமிலும் ஹாஜரா இருந்தது. இனாஸ் என் மனைவி பஸீஹாவின் தம்பி. கூடத் திருத்திய சுலக்ஷனா மிஸ் அதைக் கண்டுவிட்டார். யார் எழுதியது என்று விசாரிக்கும் பொறுப்பு, பாடம் என்னுடையது என்பதால், என்னிடமே வந்தது.

ஃபஹ்மியாவுக்குக் கதைக்கும்போது திக்கும். திரும்ப எழுதிக் காட்டச் சொல்லியிருந்தால் விஷயம் உடனே முடிந்திருக்கும். நான் இருவரையும் வாயால் விளக்கச் சொன்னேன். கேட்கப்போகும் கேள்விகளை இனாஸுக்கு முன்னமே சொல்லிக்கொடுத்திருந்தேன். அவன் நன்றாகக் கதைத்தான்.

அடுத்து அவள்.

“இத எப்படி எழுதினீங்க? ஆறுதலாச் சொல்லுங்க மகள்.”

“நா... நா...”

அதற்கு மேல் வரவில்லை. கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினாள். நான் அதை மெதுவாக என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

“எழுதிக் காட்டட்டுமே சேர்,” என்றார் சுலக்ஷனா மிஸ்.

“எல்லாருக்கும் ஒரே முறைதான் மிஸ்,” என்றேன். சொல்லும்போது அது நியாயமாகத்தான் கேட்டது.

அவள் அழவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. நான் பொறுமையாகக் காத்திருந்தேன். பிறகு, புரோகிராம் அவளுடையது இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அவளுக்கு ஒரு வருட வகுப்புத் தடை.

போன கிழமை அவளுடைய வீட்டுக்குப் போனேன். தடை முடிந்ததும் வந்து படிக்கச் சொல்லத்தான். அவள் அறையை விட்டு வெளியே வரவில்லை.

“இப்ப வீட்டுலயும் கதைக்கிறதில்ல சேர். எங்களோடயும் ஒரு சொல்லும் இல்ல,” என்றார் ஹாஜரா. எனக்குத் தேத்தண்ணி தந்தார். “நீங்க மட்டும்தான் வந்து பாத்தீங்க. அல்லாஹ் ஒங்களுக்கு பரக்கத் செய்யணும்.”

நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. தேத்தண்ணியை மட்டும் முழுதாகக் குடித்தேன். அதற்குப் பிறகுதான் பீடாதிபதியான உங்களிடம் வரத் துணிந்தேன்.

இனாஸைக் குறை சொல்லாதீர்கள். அவனாக எதையும் எடுக்கவில்லை. அவள் முடித்துவிட்டு லுஹர் தொழப் போனதும், அவளுடைய புரோகிராமைப் பிரதி எடுத்து அவனுடைய கம்ப்யூட்டரில் போட்டது நான்தான். அவன் ஒரு வரியும் எழுதாமல் உட்கார்ந்திருந்தான். பஸீஹாவுக்கு என்ன பதில் சொல்வது என்று மட்டும்தான் அப்போது யோசித்தேன்.

எந்தத் தண்டனை தந்தாலும் ஏற்றுக்கொள்கிறேன், சேர். இது ஃபஹ்மியாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம். அந்தப் பிள்ளையின் மனதை நோகடிக்க என்னால் முடியாது.