நல்ல பக்கம் எது, நலிந்த பக்கம் எது என்று காட்டியவருக்கு

கணினித் துறையின் கண்ணே! கண்டிப்பும் கனிவும் கலந்த எங்கள் பேராசிரியை அம்மையீர்! வண்ணத்தில் மயங்காத வல்லமையே! வணக்கம்!

பணி நிறைவு பெறும் இந்நாளில் தங்கள் பண்புகளை அடுக்கிப் பாடலாம்தான். ஆனால், நீண்டுகொண்டே போகும் பக்கத்தை எவரும் கடைசி வரை படிப்பதில்லை என்று கற்பித்தவரே தாங்கள்தான். ஆகவே, நடந்த ஒன்றை மட்டும் அவையோர் அறியச் சொல்கிறோம்.

இணையப் பக்க வடிவமைப்பு வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், ஆடும் படமும் ஓடும் எழுத்தும் இருந்தால் அதுவே நல்ல தளம் என்று நினைப்பார்கள். அம்மையார் கேட்பது ஒன்றுதான்: "அழகா இருக்கு, சரி. இதுல யாரு தடுமாறுவாங்க?" கேள்வி பிடிபடுவதற்கே பாதிப் பருவம் ஓடிவிடும்.

ஒரு கோடையில், பேருந்து ஓட்டுநர் ஒருவர் மகளோடு கல்லூரி அலுவலகத்துக்கு வந்தார். மகளின் சேர்க்கை விண்ணப்பத்தைக் கடைசி நாளில் நம் கல்லூரித் தளத்தில் நிரப்பி, அனுப்புவதாக எண்ணிப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். எல்லாம் அழிந்துவிட்டது. 'அனுப்பு', 'அழி' இரண்டும் ஒரே நீலம், ஒரே அளவு, ஒட்டிக்கொண்டு நின்றன. மறுபடி நிரப்புவதற்குள் தளம் மூடிக்கொண்டது.

"நீங்க தப்பா அழுத்தினதுக்கு காலேஜ் என்னங்க பண்ணும்?" என்று அலுவலகம் கைவிரித்தது. மகள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேறு வேலையாக அங்கே வந்திருந்த அம்மையாருக்கு அது உறுத்தியது. நேரே முதல்வர் அறைக்குப் போனார். "தப்பு அவர் விரல்ல இல்ல சார், நம்ம பக்கத்துல இருக்கு."

முதல்வர் விடவில்லை. மூடிய தளத்தின் மாதிரிப் பக்கத்தைத் திறந்து, தாமே மளமளவென்று நிரப்பி, சரியாக அனுப்பியும் காட்டினார். "பாத்தீங்களா?"

அம்மையாருக்கு முகம் வாடித்தான் போனது. கதவு வரை போனவர் திரும்பினார். "நீங்க தினமும் பாக்கறவர் சார். இதைப் பாக்காதவங்க யாராவது அழுத்திப் பாக்கணும்."

அந்த நேரம் பார்த்து, முதல்வரை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போக அவர் மனைவி வந்தார். வங்கி அதிகாரி, நாளெல்லாம் கணினியில் புழங்குபவர். அம்மையார் கேட்டுக்கொள்ள, அவர் உட்கார்ந்தார், நிரப்பினார், அழுத்தினார்.

"என்னங்க, இப்பதானே எல்லாம் அடிச்சேன்? எங்க போச்சு?"

முதல்வர் எழுந்து வந்து திரையை எட்டிப் பார்த்தார்.

"நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"இல்லம்மா. பக்கத்தோட தப்பு" என்று முதல்வரே சொல்லவேண்டியதாயிற்று.

அன்று மாலையே தளம் திருத்தப்பட்டுத் திறந்தது. பாதியில் நின்றுபோன விண்ணப்பதாரர் எல்லோரையும் அலுவலகமே தொலைபேசியில் அழைத்தது. ஓட்டுநர் மகளுக்கு இடம் கிடைத்தது. தளத்தைச் செய்து கொடுத்த சக ஆசிரியர் மட்டும் வெகுகாலம் அம்மையாரோடு பேசவில்லை. அம்மையாரும் போய்ச் சமாதானம் சொல்லவில்லை. அந்த ஆசிரியரின் வகுப்பில் கணினி மக்கர் செய்தால் மட்டும் சத்தமில்லாமல் சரிசெய்து கொடுத்துவிட்டு வருவார்.

அந்தப் பெண் பிறகு அம்மையாரிடமே பயின்றாள். சலுகை எதிர்பார்த்தாளோ என்னவோ, முதல் பயிற்சியே திரும்பி வந்தது. "சாம்பல் நிறத்து மேல சாம்பல் எழுத்து. உங்கப்பா படிச்சிருவாரா? திரும்பச் செய்." முறைத்துக்கொண்டே திரும்பச் செய்தாள்.

இன்று ஒரு மருத்துவமனையின் முன்பதிவுத் தளம் அவள் கைவண்ணம். அது தொடங்கிய வாரம் முழுதும் அவள் தன் மேசையில் உட்காரவே இல்லையாம். வரவேற்புக் கூடத்தில் ஓரமாக நின்று, வயதானவர்களின் விரல் எந்த இடத்தில் தயங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

அம்மையீர்! அழகைப் பார்க்கும் உலகில் அல்லலைப் பார்க்கக் கற்றுத்தந்தீர்! தங்கள் கண்ணொளி குன்றாதிருக்க! உடல்நலம் ஓங்குக! ஓய்வு இனிதாகுக! எங்கள் தளத்தில் கோணல் எதுவும் கண்ணில் பட்டால், ஓய்வு பெற்றோமே என்று ஒதுங்காமல், அழைத்துத் திட்டும் உரிமை என்றும் தங்களுடையதே!

இவ்வண்ணம்,
தங்கள் திட்டுக்குக் காத்திருக்கும்
ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களும்