மெல்லிய பீட்சாவுக்குப் பொறுமை கிடையாது

வேட்டி மடிப்புக் குலையாமல் நடுக்கதிரையில் வீற்றிருந்து இந்த மாலைக்குத் தலைமை தாங்கும் எங்கள் சனசமூக நிலையத் தலைவர் கதிரவேலு ஐயா அவர்களே! முன்வரிசையை நிறைத்து, என் பேச்சு நீளுமோ என்று முகத்தில் கவலையோடு அமர்ந்திருக்கும் மூத்தோரே! மடியில் பிள்ளையும் கையில் கைப்பேசியுமாக என்னைப் பார்த்தும் பார்க்காமலும் இருக்கும் தாய்மாரே! சண்டிலிப்பாயின் செம்மண்ணைக் கிளறி, வெங்காயமும் தக்காளியும் விளைவித்து, கொடிகாமச் சந்தை வரைக்கும் எங்கள் ஊரின் பெயரைக் கொண்டுபோகும் தோட்டக்காரப் பெருமக்களே! விடுமுறைக்கு வந்து எங்கள் வெயிலை வைதுகொண்டே எங்கள் வெயிலில் காயும் வெளிநாட்டு உறவுகளே! மதிலில் ஏறி அமர்ந்திருக்கும் என் பழைய மாணவர்களே, இறங்க வேண்டாம், நீங்கள் வகுப்பிலும் அப்படித்தான் இருந்தீர்கள்! உங்கள் அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

எனக்குத் தந்த தலைப்பு “கல்வியின் சிறப்பு”. அன்பர்களே, ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் அதைத்தானே சொன்னேன்? கேட்டவர்கள் எத்தனை பேர்? ஆகவே இன்று நான் மாவைப் பற்றிப் பேசப் போகிறேன். மாவும் தண்ணீரும் மரநெருப்பும் சேர்ந்து செய்கிற ஒரு மாயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். வழமையாக மண்டபத்தில் நடக்கும் எங்கள் ஆண்டு விழா, இந்த வருடம் எமில்ராஜின் இத்தாலிய உணவகத்து முற்றத்தில் நடக்கிறதே, ஏன்? அந்த ஏனுக்கு விடைதான் என் பேச்சு.

நல்ல பீட்சாவைத் தேடி அலைந்தவள் நான். சிரிக்காதீர்கள்! மகனிடம் ஸ்காபரோவுக்குப் போயிருந்தபோது, “அம்மாவுக்கு பீட்சா வாங்கித் தாறன்” என்று அழைத்துப்போனான். வந்தது பீட்சாவா? தலையணை! அதன்மேல் ஒரு தோட்டத்தையே கொட்டியிருந்தார்கள். கொழும்பில் மருமகள் வாங்கித் தந்தாள். அது மெத்தை! “மெல்லிசாய் ஒண்டு உலகத்திலை இல்லையோ?” என்று கேட்டேன். “இருக்கு மாமி, இத்தாலியிலை” என்றாள். இத்தாலிக்கு இந்த வயதில் நான் எங்கே போக? ஆனால் அன்பர்களே, அந்த இத்தாலி இளவாலைப் பிள்ளை ஒருவரின் கைகளில் ஏறி எங்கள் ஊருக்கே வந்து சேர்ந்தது.

எமில்ராஜ் இளவயதிலேயே இத்தாலியின் பலெர்மோ நகருக்குப் போனவர். அங்கே ஒரு தெருமுனை உணவகம். பெரிய பெயர் இல்லை, பளிங்குத் தரை இல்லை. அக்கம்பக்கத்தவர் வந்து உண்டுவிட்டுப் போகும் சின்னக் கடை. அங்கே சாப்பிட்ட கோப்பை கழுவத் தொடங்கி, மாப் பிசையக் கற்று, கடைசியில் போறணை என்கிற விறகடுப்பின் முன் நிற்கும் உரிமையையும் பெற்றார். உழைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து, இதோ இந்த வளவில் போறணை கட்டினார். சைவ ஊர் என்று மீன், இறைச்சி என மச்சம் எதுவும் உள்ளே போகாத கடையாக வைத்தார்.

முதன்முதலில் நான் தனியாகத்தான் வந்தேன். போறணைக்குப் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு பார்த்தேன். மா உருண்டையை அவர் கைகளால் விரித்தார். விரித்தார், விரித்தார், எதிர்வெளிச்சத்தில் அவருடைய விரல்களின் நிழல் தெரியும்வரை விரித்தார். மேலே தக்காளி கொஞ்சம், சீஸ் கொஞ்சம். உள்ளே தள்ளினார். ஒரு தேவாரம் பாடி முடிப்பதற்குள் வெளியே எடுத்தார்.

அம்மாடி! அதை என்னவென்று சொல்வேன்? ஓரம் காற்றை விழுங்கி உப்பி நின்றது. உப்பிய இடமெல்லாம் சின்னச் சின்னக் கரும்புள்ளி. நடுவிலே சிவப்பும் வெள்ளையும் கலந்து கொதித்தபடி இருந்தன. மேலே சில பச்சை இலைகள்.

“இதென்ன இலை தம்பி?”

“துளசிக்குத் தங்கச்சி, ரீச்சர். அக்கா கோயிலுக்குப் போறவ, இவ அடுப்படிக்கு வந்தவ.”

ஒரு துண்டைத் தூக்கினேன். நுனி தொங்கவில்லை. கடித்தேன். மொறுக் என்று ஒரு சத்தம். பிறகு மென்மை, பிறகு புளிப்பு, பிறகு புகையின் மணம். அடிப்பக்கம் அப்பளம், உள்ளே அன்றலர்ந்த பூ! விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். மாவில் என்ன இருக்கிறது, நெருப்பு அதை என்ன செய்கிறது என்றெல்லாம் கரும்பலகையில் எழுதியவள். எழுதியது வேறு, அன்று வாய்க்குள் நிகழ்ந்தது வேறு. தட்டில் ஒரு துணுக்கும் மிஞ்சவில்லை. கண் கலங்கியது.

அப்படிப்பட்ட பீட்சாவைப் பற்றி ஊர் என்ன சொன்னது? தலைவர் ஐயா சிரிக்கிறார். சொல்லலாம் என்று அர்த்தம்! ஐயா நிருவாக சபையோடு வந்து உண்டுவிட்டுப் போய்ச் சந்தியில் நின்று சொன்னார்: “உதைச் செருப்புக்கடையிலை குடுத்தா அழகாத் தைச்சுத் தருவாங்கள்.”

அந்த ஒரு வசனம் போதாதா? அது ஊரைச் சுற்றியது. வந்த குடும்பத்தினரும் அதையேதான் சொன்னார்கள். இழுத்தால் வருகிறது இல்லை, கடித்தால் அறுகிறது இல்லை, தோல், தோல், தோல்! நான் உண்டது பூ, ஊர் உண்டது தோல். ஒரே கை, ஒரே மா, ஒரே போறணை. எப்படி, அன்பர்களே, எப்படி?

எமில்ராஜ் இடிந்துபோனார். மாவை மாற்றினார். விறகை மாற்றினார். கிணற்றுத் தண்ணீரைக்கூட மாற்றிப் பார்த்தார். ஒருநாள் என்னிடம் கையை விரித்துக் காட்டினார். “ரீச்சர், என்ரை கைப்பக்குவம் போயிட்டுது. ஆவணியிலை மடு மாதா திருவிழா முடிய நான் பலெர்மோவுக்கே திரும்பிப் போறன்.”

அவருடைய மனைவி நிரோஜினி அப்பால் நின்றவர், கணவர் உள்ளே போனதும் என் பக்கத்தில் வந்து இருந்தார். “போனா அவர் தனியத்தான் போகவேணும் ரீச்சர். எனக்கும் மகளுக்கும் விசா சரிவரேல்லை. கலியாணம் கட்டின நாள் தொட்டு நாங்கள் போனிலைதான் குடும்பம் நடத்தினனாங்கள். மகள் தகப்பன்ரை முகத்தைப் போன் கண்ணாடிக்குள்ளைதான் பாத்தவள். இப்பதான் ஒரு மேசையிலை இருந்து சாப்பிடுறம். அதுவும் போகப்போகுது.”

தாய்மாரே, உங்களில் எத்தனை பேருக்கு இந்த வசனம் தெரியும்? உங்கள் தலை அசைவதை இங்கிருந்தே காண்கிறேன்.

நான் நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். “ஐயா, பரீட்சையில் தவறின பிள்ளைக்கு இன்னொரு முறை எழுத விடுவம் எல்லோ? உங்கடை சபையோடை இன்னொருக்கா வாருங்கோ. நானும் வாறன்.”

“ரீச்சருக்காக வாறன்” என்றார். “பல்லுக்கு நீங்கள்தான் பொறுப்பு.”

வந்தோம். நீள மேசையில் இரண்டு பக்கமும் வரிசையாக இருந்தோம். எமில்ராஜ் எங்களுக்கு முதுகைக் காட்டி நெருப்பைப் பார்த்து நின்றார். அந்தப் போறணையில் ஒரு தடவைக்கு இரண்டுதான் வேகும். முதல் இரண்டையும் நிரோஜினி கொண்டுவந்து, ஒன்றைத் தலைவர் முன்னும் மற்றதைப் பூரணம் அக்காவின் முன்னும் வைத்தார். கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து இளைப்பாறிய பூரணம் அக்காவை அறியாதவர் இங்கே யார்?

தலைவர் என்ன செய்தார்? கையைக் கட்டிக்கொண்டார். “எல்லாருக்கும் வரட்டும்” என்றார். ஈ மொய்க்காமல் இன்னொரு தட்டை எடுத்து பீட்சாவின்மேல் கவிழ்த்து மூடினார். அடுத்த இரண்டு வந்தன. அவையும் மூடப்பட்டன. அடுத்த இரண்டு. அவையும்! பந்தியில் கடைசி இலைக்கும் சோறு விழாமல் முதல் இலைக்காரர் கை வைப்பாரா? எங்கள் ஊரில் வைக்க மாட்டார். பரிமாறிய நிரோஜினிக்கும் அது பிழையாகத் தோன்றவில்லை. அவரும் இந்த மண்ணின் பிள்ளைதானே! எனக்கும் தோன்றவில்லை. நானும் என் தட்டை மூடிவிட்டு மரியாதையாக இருந்தேன்.

பூரணம் அக்கா மட்டும் தட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“பூரணம், பொறு பிள்ளை, உன்ரை அவசரத்தை…” என்றார் தலைவர்.

“பொறுக்க ஏலாது அண்ணை! வீட்டிலை இன்சுலின் ஊசி போட்டிட்டு வந்தனான். உங்கடை மரியாதையைப் பாத்தா நான் மயங்கி விழுந்திடுவன். பிறகு என்னை ஆர் தூக்குறது, நீங்களே?”

ஒரு துண்டைக் கடித்தார். மொறுக்!

மேசை முழுவதற்கும் கேட்டது அந்தச் சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். அக்கா இன்னும் ஒரு கடி கடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். “இதை ஆரப்பா தோல் எண்டது?” என்றார்.

கடைசித் தட்டும் வந்து சேர்ந்த பிறகு தலைவர் தன் மூடியைத் திறந்தார். மூடியின் உட்புறம் முழுவதும் வியர்வைத் துளி. பீட்சா சோர்ந்து, துவண்டு, ஈரத்துணிபோல் கிடந்தது. அக்கா எழுந்து வந்து அதில் ஒரு துண்டைப் பிய்க்கப் பார்த்தார். வரவில்லை. இழுத்தார். வரவில்லை.

“அண்ணை, உங்கடையும் என்ரையும் ஒண்டாத்தானே வெளியிலை வந்தது? என்ரை அப்பளம், உங்கடை தோல். குற்றம் போறணையிலை இல்லை அண்ணை, உங்கடை மரியாதையிலை!”

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்றது. ஆவி! மூடி வைத்த ஆவி எங்கே போகும்? கீழேதான் இறங்கும். நான் முதல்நாள் தனியாக வந்தேன், காத்திருக்க ஆள் இல்லை, சுடச்சுட உண்டேன். ஊரோ கூடி வந்தது, கூடிக் காத்திருந்தது. தடித்த ரொட்டி பொறுத்திருக்கும். இந்த மெல்லிய பீட்சாவுக்குப் பொறுமை கிடையாது!

தலைவர் தன் தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “எல்லாம் சரி பூரணம். ஆனா பக்கத்திலை இருக்கிறவன்ரை கோப்பை வெறுமையாக் கிடக்க, நான் எப்பிடி வாயிலை வைப்பன்?”

அன்பர்களே, அந்தக் கேள்வியில் பிழை இருக்கிறதா? இல்லை! அந்தக் கேள்வி இருப்பதால்தான் இது ஊர். பஞ்சத்திலும் இடப்பெயர்விலும் ஒரு பானைக் கஞ்சியை எல்லோருக்கும் எட்டவைத்த கேள்வி அது. அதை விடவும் கூடாது, பீட்சாவைக் கொல்லவும் கூடாது. என்ன செய்வது?

யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தலைவர் ஐயா தானே எழுந்தார். கடைசியாக வந்த தட்டில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அதை எடுத்தார். கத்தி கேட்டார். இருந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை துண்டாக அதை வெட்டினார். சால்வையை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, பந்தியில் பரிமாறுவதுபோல் மேசை நெடுக நடந்து ஆளுக்கொரு துண்டு வைத்தார். “காத்திருக்காதேங்கோ, வாயிலை வையுங்கோ! பிள்ளை நிரோஜினி, இன்னொண்டு போடச் சொல்லு. வர வர நான் பங்கிடுறன்!”

ஒரு பீட்சா, ஓர் ஊர்! ஆளுக்கு இரண்டு கடி. ஆனால் ஒருவருக்கும் வெறும் தட்டு இல்லை, ஒருவருக்கும் ஆறிய துண்டும் இல்லை. மேசை முழுவதும் மொறுக், மொறுக், மொறுக் என்று, காய்ந்த பூவரசஞ் சருகின்மேல் ஊரே நடந்து போவதுபோல் ஒரு சத்தம்! நான் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். அன்று கேட்டதுபோல் ஒன்று கேட்டதில்லை.

நெருப்பைப் பார்த்து நின்ற எமில்ராஜ் திரும்பினார். கையில் நீண்ட பிடியுள்ள மரத்தட்டு. ஒவ்வொரு வாயாகப் பார்த்தார். “இந்தச் சத்தம்…” என்றார்.

நிரோஜினி அவருக்கு எதிரே போய் நின்றார். எங்கள் எல்லோருக்கும் முன்னால் கேட்டார்: “என்னப்பா, இனியும் போறியளோ?”

எமில்ராஜ் அவரைப் பார்த்தார். போறணையைப் பார்த்தார். “விலத்து, விலத்து, உள்ளுக்கை கிடக்கிறது கருகப் போகுது!” என்று திரும்பி ஓடினார்.

நிரோஜினி சிரித்தபடி அழுதார். ஆவணி வந்தது. மடுத் திருவிழாவுக்கு மூவரும் ஒன்றாகப் போனார்கள். மூவரும் ஒன்றாகத் திரும்பி வந்தார்கள்.

பின்னால் யாரோ, “ரீச்சர், பசிக்குது, சுருக்குங்கோ” என்கிறார்கள். குரலைத் தெரியும், பரீட்சை எழுதும்போதும் இதைத்தான் சொன்னவன்! சுருக்குகிறேன் மகனே.

பெரியோர்களே, தாய்மாரே! உலகின் மறுகோடியில் ஒரு தெருமுனையில் பிறந்த பண்டம் நம் தெருமுனைக்கு வந்தது. அது தன் இயல்பை விடவில்லை. நாமும் நம் இயல்பை விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒருவர் எழுந்து நடந்தார், அவ்வளவுதான். எழுந்து நடந்த அந்த நடையை நினைக்கும்போதெல்லாம் நான் வியக்கிறேன். புதியது வரும்போது கதவைச் சாத்துவதா? பழையதைத் தூக்கி எறிவதா? எழுந்து, வெட்டி, சூடு ஆறுமுன் பகிர்வோம் வாருங்கள்! பிள்ளையைப் பாராட்ட வேண்டுமா? ஆறவிடாமல் இன்றே பாராட்டுவோம். பிரிந்தவரோடு பேச வேண்டுமா? இன்றே பேசுவோம். அன்பை மூடி வைத்தால் அதுவும் வியர்த்துத் துவண்டுவிடும்!

நன்றியுரையை நான் எழுதி வந்தேன். ஆனால் அங்கே பாருங்கள், போறணை திறந்துவிட்டது. தலைவர் ஐயா சால்வையை வரிந்து கட்டிக்கொண்டு கத்தியோடு எழுந்துவிட்டார். என் பேச்சு முடியும்வரை அவர் காத்திருக்கப் போவதில்லை. இதைவிடப் பெரிய மாலை எனக்கு வேண்டாம்! கேட்டிருந்த உங்கள் அனைவருக்கும் என் நன்றி. வணக்கம் சொல்லக் கை கூப்ப வேண்டாம் அன்பர்களே, கையை நீட்டுங்கள், சுடச்சுட வருகிறது!