கம்பெனிக்குத் தெரியாத பாதை

புதுப் போனில் முதலில் மாற்ற வேண்டியது கீபோர்டு, சார். நாம் தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அதன் வழியாகத்தான் போகிறது. இண்டர்நெட் அனுமதியே கேட்காத கீபோர்டைப் போட்டுவிட்டால் பாதி நிம்மதி. மன்னார்குடியில் இதையெல்லாம் பொறுமையாகச் செய்து தருகிற கடை என்னுடையது ஒன்றுதான். ஆர்த்தியும் அதைக் கேள்விப்பட்டுத்தான் வந்தாள்.

சென்னைப் பத்திரிகை நிருபர். கையில் புதுப் போன், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு.

"சபரி அண்ணா, ஒரு கம்பெனிக்காரனும் இதுல எட்டிப் பாக்கக் கூடாது. நான் எங்க போறேன், யார்கிட்ட பேசுறேன், எதுவும் தெரியக் கூடாது. மிரட்டல் வருது."

"எட்டிப் பாத்தா கண்ணைக் குத்திருவோம்மா."

சிரித்தாள். "வாட்ஸப் இல்லாம எப்படிண்ணா உயிர் வாழ்றது?"

"ரெண்டு நாள்ல பழகிரும்."

போனோடு வந்து நம்மை வேவு பார்க்கும் கம்பெனிச் சேவைகளை வேரோடு எடுத்தேன். செய்திக்கு ஒரு செயலி, கடவுச்சொற்களுக்கு ஒரு பெட்டகம். ஒவ்வொன்றும் என்ன அனுமதி கேட்கிறது என்று காட்டிவிட்டுத்தான் போட்டேன். வேலையில் நான் யாரையும் ஏமாற்றுவதில்லை.

பேச்சுவாக்கில்தான் சொன்னாள். அபிநயா என்ற கல்லூரிப் பெண்ணின் அந்தரங்கப் படங்களை எவனோ பரப்பினான், அவள் தூக்குப் போட்டுக்கொண்டாள், அவனைத்தான் தேடுகிறேன் என்று.

"அவங்கம்மா கண்ணாத்தாள்கிட்ட அவ பழைய போன் இருக்காம்ணா. நாளைக்குச் சாயந்தரம் அவங்க ஊருக்குப் போய் வாங்கப்போறேன்."

அந்தப் போனை எனக்குத் தெரியும். திரை உடைந்து என்னிடம்தான் வந்தது. பழுதுபார்த்த போனுக்குள் தேதியும் கையெழுத்தும் போட்டு ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவது என் வழக்கம். வாரண்டி கேட்டு வருகிறவர்கள் பொய் சொல்லக் கூடாது அல்லவா. படங்களின் பிரதி ஒன்று என்னிடம் தங்கியது. அபிநயா என்னிடம் கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசியிருந்தால் அவை என்னிடமே இருந்திருக்கும்.

"அந்த ஊருக்கு எந்த வழியாப் போவ?" என்று கேட்டேன்.

"எனக்கு என்னண்ணா தெரியும்? ஸ்கூட்டிதான், மேப்புதான்."

கம்பெனி மேப் கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். இண்டர்நெட் இல்லாமல் ஓடும் மேப் ஒன்று உண்டு. யார் வேண்டுமானாலும் திருத்தலாம். எங்கள் வட்டாரத்தைப் பல வருடமாக நான்தான் திருத்தி வருகிறேன், ஒரு பைசா வாங்காமல்.

அந்த ஊருக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தை இடித்துப் போட்டிருக்கிறார்கள். கோடையில் ஆறு காய்ந்து கிடக்கும்போது குறுக்கே மண் கொட்டிப் பாதை போடுவார்கள், பஸ்ஸே போகும். மேட்டூர் தண்ணீர் வந்ததும் பாதையின் நடுவே வெட்டிவிட்டு, கரையில் முள் வெட்டிப் போட்டு வழியை அடைப்பார்கள். ஓரத்தில் கணுக்கால் தண்ணீர். நடுவில் ஆள் முழுகும். செந்தண்ணீரில் வித்தியாசம் தெரியாது. உள்ளூர்க்காரன் எவனும் இறங்க மாட்டான்.

தண்ணீர் வந்த அன்றே அந்தப் பாதையை மேப்பிலிருந்து அழித்துவிட்டேன், ஊருக்கெல்லாம். ஆர்த்தியின் போனில் மட்டும் அந்தப் பாதை இருக்கிற போன மாத மேப் கோப்பை ஏற்றினேன். அதுவாகப் புதுப்பித்துக்கொள்ளாதபடி நிறுத்தியும் வைத்தேன்.

"போய்ட்டு வர்றேண்ணா. நீங்க இல்லைன்னா என்ன பண்ணியிருப்பேன்னு தெரியல."

"பாத்துப் போம்மா," என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மறுநாள் பொழுது சாய்ந்தபின் கடையில் என் போனைத் திறந்தேன். அதிலும் கம்பெனிச் சேவை கிடையாது. நாமாகச் செயலியைத் திறந்தால்தான் செய்தி இறங்கும். மதியமே அவள் அனுப்பியது அப்போதுதான் வந்தது.

'அண்ணா, அந்தப் போனை வாங்கிட்டு நேரா உங்க கடைக்குத்தான் வர்றேன். நீங்களே திறந்து பாத்துச் சொல்லுங்க. வேற யாரையும் நம்ப முடியல.'

வேறு யாரிடமும் கொடுத்திருக்க மாட்டாள். ஸ்டிக்கரை நானே உரித்துப் போட்டிருப்பேன். காரியம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அவள் போய்ச் சேராததால்தான் கண்ணாத்தாள் அந்தப் போனை ஸ்டேஷனில் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தார். நீங்கள் திறந்தீர்கள், என் கையெழுத்தைப் பார்த்தீர்கள்.

கரையில் முள் போட்டிருந்தும் அவள் எப்படி இறங்கினாள் என்று கேட்டீர்கள். நான்தான் விலக்கினேன், சார். அவள் வண்டி முழுகும்வரை கரைப் புதருக்குப் பின்னால் நின்றேன். "அண்ணா" என்று ஒரு முறை கூப்பிட்டாள். என்னைப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டாளா என்பது தெரியவில்லை. பிறகு முள்ளைப் பழையபடி இழுத்துப் போட்டேன். வேறு யாராவது வந்து விழுந்தால் பாவம்.

அவள் போன் தண்ணீரிலிருந்து கிடைத்ததும் நல்ல ஆளிடம் கொடுத்துச் சோதியுங்கள். அவளைப் பற்றி ஒரு தகவல்கூட எந்தக் கம்பெனிக்கும் போயிருக்காது. அந்தப் பெண் என்னை நம்பி வந்தாள். அந்த நம்பிக்கையை நான் கெடுக்கவில்லை.