சம்பந்திகளைப் பிரித்த டேலியாக் கிழங்கு

மணமக்களை முன்னிருத்தி மனம் குளிர வீற்றிருக்கும் அவைத்தலைவர், பெரிய கங்காணி அழகையா அவர்களே! பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துக்குப் பெருமை சேர்க்கும் பெரியோர்களே! கொழுந்து கிள்ளும் கைகளால் குலம் காக்கும் தாய்மார்களே! பதுளைக் கடைவீதியிலிருந்து மூச்சு வாங்க மலையேறி வந்த இந்தச் சுந்தரலிங்கத்தின் வணக்கம்!

இந்தத் திருமணம் நின்றுபோக இருந்தது! எதனால்? சீரினாலா? சாதகத்தாலா? இல்லை ஐயா, ஒரு டேலியாக் கிழங்கினால்!

சிரிக்காதீர்கள். மணமகன் கணபதியின் தாயார் வேலாயி, துரை பங்களாப் பூந்தோட்டத்தில் வேலை பார்ப்பவர். அங்கே மிஞ்சிய டேலியாக் கிழங்குகளில் பெரிதாகப் பார்த்து முறித்து, பரிசம் போட்ட மகிழ்ச்சியில், சம்பந்தி இராக்கம்மாவுக்குக் கொடுத்தார். மழை ஓய்ந்ததும் இராக்கம்மா தம் லயத்து வீட்டு வாசலில் நட்டு, சாணமிட்டு, சாம்பலிட்டு, சேயைப் போலச் சீராட்டினார். மீதிக் கிழங்கை நட்ட வேலாயி வாசலில் செக்கச் செவேலென்று பூத்தது. இராக்கம்மா வாசலில் மண்தான் இருந்தது!

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வெடித்தது சண்டை.

"செத்த கெழங்கக் குடுத்து ஏமாத்துனவ, எம் புள்ளைய எப்புடி வச்சுக்குவா?"

"பெருசாப் பொறுக்கிக் குடுத்த எனக்கா இந்தப் பேச்சு? ஒம் பொண்ணே வேணாம், போ!"

முறிந்தது சம்பந்தம்! அப்போது மணமகள் பூவம்மா அழுதாளா? அடம்பிடித்தாளா? கிழங்கைத் தோண்டினாள், கழுவினாள், பட்டப்பகலில் வேலாயி வாசலில் போய் நின்றாள்.

"அத்த, இது அழுகவும் இல்ல, மொளைக்கவும் இல்ல. ஏன்னு நீங்களே பாருங்க."

திருப்பிப் பார்த்த வேலாயி திகைத்தார். டேலியாவின் முளைக்கண் தண்டை ஒட்டிய கழுத்தில் அல்லவா இருக்கிறது? அவர் முறித்த வேகத்தில் அந்தக் கழுத்தே போயிருந்தது!

வாயால் மட்டுமா வருந்தினார்? தம் வாசலில் பூத்து நின்ற செடியை மண்ணோடு பெயர்த்து, மார்போடு அணைத்து, இராக்கம்மா வாசலுக்கு நடந்தார்.

"பூத்த செடியப் போயித் தோண்டலாமா? பட்டுப்போவுமே!" என்று பதறினார் இராக்கம்மா.

"பட்டாப் படட்டும் மயினி. தப்பு என்னோடது. ஒங்க வாசல் வெறிச்சுன்னு கெடக்கக் கூடாது."

பிறகு கோபம் ஏது? இருவரும் குழி வெட்டினர். கொம்பு நட்டுக் கட்டினர். வேர் பிடிக்கட்டுமென்று பூவையும் மொட்டையும் கிள்ளினர். நிழலுக்குச் சாக்கு விரித்தனர். வாடியது செடி, விடவில்லை தாய்மார், துளிர்த்தது செடி! ஆமாம் அம்மா, பெண்ணின் கொண்டையில் இருப்பது அந்தச் செடிப் பூவேதான்!

பெரியோர்களே! குடும்பமென்றால் கோபம் வரும். வரட்டும்! பீலிக்கரையில் கத்துவதா, பூவம்மாவைப் போல நேரே போய்க் கேட்பதா? கேட்கத் துணிந்த மருமகள்! தவற்றை ஒப்புக்கொண்ட மாமியார்! இதைவிடச் சீர்வரிசை எது? கணபதி, கொடுத்துவைத்தவனப்பா நீ!

வாழ்க மணமக்கள்! வளர்க இரு குடும்பமும்! பசியோடும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி; பாயசம் ஆறுமுன் அமர்கிறேன், வணக்கம்!