வெட்டுக்கிளிங்ககிட்ட தோத்த சனிக்கிழமை

இல்ல சார், ஹீட்டர் சூடாக கொஞ்ச நேரமாகும். கைய அந்த ஓட்டைகிட்ட வெச்சுக்கங்க. என்ன அப்டிப் பாக்குறீங்க, கோட்டு சூட்டு மாட்டிக்கிட்டு ஒருத்தன் நின்னுபோன கார இழுக்குற டோயிங் வண்டி ஓட்டுறானேன்னா? இன்னைக்கு நாலு மணிக்கு என் பொண்ணுக்குக் கல்யாணம். ஆமா, இன்னைக்கேதான். இந்தக் கவுண்டியில டோயிங் வண்டி என்கிட்ட மட்டும்தான் இருக்கு. ஷெரீஃப் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு, ஒரு ஆளு காரு நின்னு போயி ரோட்டோரத்துல நடுங்கிக்கிட்டு நிக்கிறாருன்னு. என் பொண்டாட்டி பெர்னிஸ் என்னைப் பாத்த பார்வை இருக்கே, அதுலயே உங்க எஞ்சினு சூடாயிருக்கும். பரவால்ல, நல்ல நாளும் அதுவுமா ஒருத்தர நடுரோட்ல விட முடியுமா.

பேரு என்ன சொன்னீங்க? ஸ்மித். சரி, ஸ்மித்துன்னே வெச்சுக்குவோம். நான் டெல்மர்.

ரேடியோ போடட்டுமா, மேட்ச் ஓடிக்கிட்டிருக்கும். புட்பால் பாப்பீங்கள்ல? ரொம்ப இல்லையா? நெப்ராஸ்காவுல இருந்துக்கிட்டு புட்பால் ரொம்பப் பாக்காத ஆள இப்பத்தான் சார் கண்ணால பாக்குறேன். நல்லவேளை, காரு என் ஏரியாவுல நின்னுச்சு. வேற யாராச்சும்னா உங்களை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருப்பாங்க.

கல்யாணத்தப் பத்திக் கேட்டீங்கல்ல. கேக்கலையா? சரி, நானே சொல்றேன். என் பொண்ணு லாரிசா கல்யாணத்துக்கு இது மூணாவது தடவையா குறிச்ச தேதி சார். மாப்பிள்ளை அதே மாப்பிள்ளைதான், பயப்படாதீங்க. கோல்பின்னு பேரு. எங்க ஊரு காலேஜு டீமு இருக்குல்ல, காட்டெருமைங்க, அதுல முன் வரிசைப் பசங்களுக்கு அவன்தான் கோச். தங்கமான பையன். ஆனா வசந்தத்துல பயிற்சி, கோடையில அவங்கப்பாவோட வயலு, அப்புறம் சீசன். எங்க ஊர்ல கல்யாணத்துக்குன்னு மிஞ்சுறது நவம்பர் கடைசிதான். சோளம் அறுத்து உள்ள போயிருக்கும். காட்டெருமைங்களும் வழக்கம்போல எல்லார்கிட்டயும் உதை வாங்கிட்டு வீட்டுக்கு வந்திருப்பாங்க. அந்த நம்பிக்கையிலதான் தேதி குறிச்சோம். பரம்பரை பரம்பரையா தோத்த டீம் சார், அதை நம்பாம வேற எதை நம்புறது?

அந்த வருஷம் பாத்து ஜெயிச்சுத் தொலைச்சானுங்க. எங்க கான்ஃபரன்ஸ்ல, அதான் எங்களுக்குள்ள ஆடிக்கிற லீக்ல, ஒம்பது காலேஜு. அத்தனை பேரையும் அடிச்சுப் போட்டுட்டு, நவம்பர் கடைசியில வெளியூர் சாம்பியனுங்களோட ஆடுற ப்ளே-ஆஃபுக்குப் போயிட்டானுங்க. கோச்சு இல்லாம டீம் போகுமா, மாப்பிள்ளை இல்லாம கல்யாணம் நடக்குமா? ஃபாதர் கைய விரிச்சுட்டாரு. சரி, அடுத்த வருஷம் புத்தியா டிசம்பர்ல வெச்சோம். என்ன செஞ்சானுங்க தெரியுமா? அரையிறுதி வரைக்கும் போனானுங்க. பெர்னிஸ் சுட்டு வெச்ச கொலாச்சி பன்னு மொத்தத்தையும் டீம் பஸ்ல ஏத்தி அனுப்பினோம். கல்யாணப் பலகாரத்த பசங்க தின்னுட்டு, நல்லாருந்துச்சு ஆன்ட்டின்னு கையாட்டுறானுங்க.

இந்தத் தடவை லாரிசா தெளிவாச் சொல்லிட்டா. சத்தமெல்லாம் போடல, அவ சத்தம் போட்டாத்தான் நான் நிம்மதியா இருப்பேன். டென்வர்ல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ் வேலை வந்திருக்குப்பா, இன்னொரு தடவை தள்ளிப்போச்சுன்னா மோதிரத்தைக் கழட்டிக் குடுத்துட்டு நான் கெளம்பிருவேன்னா. சொன்னா செய்வா. அவங்கம்மா ரத்தம். பொட்டியக் கூட எடுத்து கட்டிலுக்குப் பக்கத்துல வெச்சிருந்தா.

அப்போ பாருங்க, இந்த சீசனை நான் எப்டிப் பாத்திருப்பேன்னு. மொத ரெண்டு மேட்சும் வெளி காலேஜுங்ககிட்ட தோத்தோம். பெர்னிஸ் மாவு பெசஞ்சா. நான் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு வெளியில தலையில கைய வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் கான்ஃபரன்ஸ் மேட்சுங்க ஆரம்பிச்சுது, ஜெயிக்க ஆரம்பிச்சானுங்க. லூத்தரன் காலேஜ அடிச்சானுங்க. ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஆளுங்கள மழையில, சேத்துல வெச்சு அடிச்சானுங்க. நடுவுல ஒண்ணு தோத்தானுங்க, எனக்கு உயிர் வந்துச்சு. அடுத்த வாரமே அந்த ஜெயிச்ச டீம் வேற எவன்கிட்டயோ தோத்துட்டு வந்து நிக்குது. இப்டியே உருண்டு புரண்டு கடைசி சனிக்கிழமை எங்க ஊர்லயே வெட்டுக்கிளிங்கன்னு இன்னொரு காலேஜு டீமோட மேட்ச். ரெண்டு டீமும் சமமா நிக்குது. ஜெயிக்கிறவன் சாம்பியன், இந்த சனிக்கிழமை, அதான் இன்னைக்கு, ப்ளே-ஆஃப். தோக்குறவன் வீட்டுக்குப் போயி கல்யாணம் காட்சின்னு பாக்கலாம்.

என்ன சார் வேர்க்குது? ஹீட்டரைக் குறைக்கட்டுமா?

அந்த மேட்ச்ல நான் எங்க இருந்தேன்னு கேளுங்க. கேலரியில இல்ல, மைதானத்துலயே. பந்து பத்து கெஜம் முன்னேறிச்சான்னு அளக்குற சங்கிலியப் பிடிக்கிறவன் சார் நான். பல வருஷமா. கோட்டோரத்துல குச்சிய நட்டுக்கிட்டு நிப்போம்ல, அந்த ஆளுங்க. சங்கிலி பிடிக்கிறவன் கை தட்டக் கூடாது, கத்தக் கூடாது, அதுதான் விதி. அந்த விதிய எழுதினவன் நல்லாருக்கணும். இல்லன்னா வெட்டுக்கிளிங்க டச் டவுன் போடுறப்ப நான் சிரிச்சதை ஊரே பாத்திருக்கும்.

கடைசி நிமிஷம். நாங்க நாலு பாயிண்ட் பின்னாடி. பந்து கோலுக்குப் பக்கத்துல, எட்டாவது கெஜத்துல. என் பக்கம்தான். எங்க பையன் டெவின், கடைசி வருஷம் படிக்கிறவன், மூலையில போயி அப்டியே காத்துல எம்பிப் பந்தைப் பிடிச்சான். ஒரு கால் கோட்டுக்கு உள்ள பட்டாப் போதும், டச் டவுன், ஆறு பாயிண்ட், நாங்க சாம்பியன். பட்டுச்சா படலையா? ரெஃப்ரி ஓடி வந்தாரு, குனிஞ்சாரு, ரெண்டு கையையும் வீசி வெளியன்னுட்டாரு. அவ்வளவுதான். சீசன் முடிஞ்சுது. எங்க கான்ஃபரன்ஸ்ல திருப்பிப் போட்டுப் பாக்க கேமரா கீமரா ஒண்ணும் கெடையாது. ஒருத்தன் போன்ல எடுத்திருந்தான், அதுல பாதிக்கு மேல அவங்க மச்சான் தொப்பிதான் தெரியுது.

ஊரு என்ன ஆச்சு தெரியுமா? இழவு வீடு. அடுத்த நாள் சர்ச்சுல ஃபாதர் குருடனுக்குப் பார்வை வந்த கதைய எடுத்துக்கிட்டு ஒரு மணி நேரம் பேசுனாரு. பெட்ரோல் பங்க்ல ஒரு அட்டைப்பெட்டி வெச்சிருக்காங்க. வீட்ல கெடக்குற பழைய மூக்குக்கண்ணாடிய எல்லாம் அதுல போடணும், ரொம்பினதும் அந்த ரெஃப்ரிக்கு பார்சல் அனுப்பப் போறாங்களாம். நானும் ஒண்ணு போட்டேன். போடலன்னா சந்தேகப்படுவாங்கல்ல. எங்க செத்துப்போன மாமனாரோடது, நல்ல பிரேமு.

இதுல எனக்கு என்ன வம்புன்னா, பாக்குறவனெல்லாம் என்னைத்தான் கேக்குறான். டெல்மர், நீதானே பக்கத்துல நின்ன, கால் உள்ளயா வெளியவான்னு. முடி வெட்டுறவன் கேக்குறான். ஷெரீஃப் வண்டிய நிறுத்திக் கேக்குறாரு. மாப்பிள்ளையே, சார், கோட்டு தைக்க அளவு எடுக்கப் போன எடத்துல காதோரமா வந்து கேக்குறான். சூரியன் கண்ணுல அடிச்சுது மாப்பிள்ளைன்னேன். அன்னைக்கு மேகமூட்டம்.

ஞாயித்துக்கிழமை சாயந்தரம் லாரிசா ரூமு பக்கமாப் போனேன். அந்தப் பொட்டியத் தொறந்து வெச்சு, துணியெல்லாம் எடுத்து திரும்ப அலமாரியில அடுக்கிக்கிட்டிருந்தா. மெதுவா ஏதோ பாடுறா வேற. நான் தொழுவத்துக்குப் போயி மாடுங்களுக்கு நடுவுல நின்னு அழுதேன் சார். பக்கத்து வீட்டுக்காரன் வந்து தோள்ல தட்டி, விடு டெல்மர், அடுத்த சீசன்ல பாத்துக்கலாம்னு ஆறுதல் சொல்லிட்டுப் போறான்.

இருங்க இருங்க, ஸ்கோர் சொல்றான். கேட்டீங்களா? ப்ளே-ஆஃப்ல வெட்டுக்கிளிங்க முப்பத்தெட்டு வாங்கியிருக்கானுங்க, போட்டது ஒரு மூணு. இன்னும் பாதி ஆட்டம் பாக்கி. மானம் போச்சு. என்னதான் ஜென்மப் பகையா இருந்தாலும் வெளியூர்க்காரன் அடிக்கிறப்ப நம்ம கான்ஃபரன்ஸ் ஆளாச்சேன்னு வலிக்கத்தான் செய்யுது. கொஞ்சமா வலிக்குது. ஆஃப் பண்ணிருவோம்.

ஊரு வந்தாச்சு. அந்தா தெரியுது பாருங்க கோபுரம், அதான் எங்க சர்ச்சு. மெக்கானிக் கடையா? அது பூட்டியிருக்கு சார். மெக்கானிக் மாப்பிள்ளைத் தோழன். லாட்ஜும் ஃபுல்லு, எல்லாம் பெர்னிஸ் வழி சொந்தம். திங்கக்கிழமைக்கு முன்னாடி உங்க கார யாரும் தொட மாட்டாங்க. அதனால பேசாம கல்யாணத்துக்கு வந்துருங்க. சாப்பாடு பிரமாதமா இருக்கும், வாத்து வறுவல், அவிச்ச மாவு உருண்டை, முட்டைக்கோஸ், அப்புறம் ராத்திரி பூரா போல்கா ஆட்டம்.

அந்தக் கைப்பிடிய இழுக்காதீங்க, அது உள்ளேர்ந்து தொறக்காது. இல்ல, உங்களுக்காகப் பண்ணல, போன குளிர்காலத்துலேர்ந்தே அப்டித்தான்.

ஏன் வர மாட்டேங்குறீங்க? யாராச்சும் கண்டுபிடிச்சுருவாங்கன்னா? மாட்டாங்க சார். கறுப்பு வெள்ளை கோடு போட்ட சட்டை இல்லாம ரெஃப்ரிய எவனுக்கும் அடையாளம் தெரியாது. உங்க கார சங்கிலியில மாட்டுறப்ப பின் சீட்டுல தொங்குச்சு, நான்தான் சலவைக்கடைக் கவரோட எடுத்து டிக்கியில வெச்சுப் பூட்டினேன். உங்களுக்கு என்னைத் தெரியல பாத்தீங்களா. மூணு மணி நேரம் பக்கத்துல நின்னேன். சங்கிலி பிடிக்கிறவன் மூஞ்சிய யாரு பாக்குறா.

பதறாதீங்க. பன்னித் தீவனம் விக்கிற ஸ்மித்துன்னு சொல்லிர்றேன். தீவனத்தப் பத்தி யாராச்சும் கேட்டா, விலை ஏறிப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க, மத்தத அவங்களே பேசிக்குவாங்க. ஒரே ஒரு காலி நாற்காலிதான் இருக்கு, அதுவும் டெவின் பக்கத்துல. அவன் மனசு கொஞ்சம் நொந்துபோயி இருக்கான். உருண்டைய அவன் பக்கம் ரெண்டு சேத்துத் தள்ளுங்க. அவன் மூஞ்சிய மட்டும் என்னாலயும் நேராப் பாக்க முடியல.

என்ன? கேளுங்க, வாய்க்குள்ளயே வெச்சுக்கிட்டா எப்டி. ஒரு வாரமா தூங்கலைன்னு கண்ணப் பாத்தாலே தெரியுது.

டெவின் கால் உள்ள சார். நல்லா ஒரு சாண் உள்ள. பச்சைப் புல்லு மேல முழுப் பாதமும் பதிஞ்சுது, நான் குனிஞ்சு பாத்தேன்.

எறங்குங்க, பெர்னிஸ் வாசல்லயே நிக்கிறா. டையக் கொஞ்சம் சரி பண்ணிக்கங்க. வெறுங்கையோட கல்யாண வீட்டுக்குள்ள எப்டிப் போறதுன்னெல்லாம் கூச்சப்படாதீங்க, எங்க சொந்தத்துல எவனும் எழுதாத மொய்ய நீங்க போன சனிக்கிழமையே எழுதிட்டீங்க.