கட்டத்துக்குள் அகப்படாத சுழி

நான் தேத்தண்ணிக்குச் சீனி போட்டால் கலக்குவதில்லை. அடியில் தங்கியது கடைசி மிடறில் வந்து சேரும். வெள்ளவத்தையில் தனியாக இருக்கிறவனுக்கு இப்படிச் சில பழக்கங்கள் வந்துவிடும். நீங்கள் ஒஸ்வால்ட்டைப் பற்றிக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

அவர் எங்கள் ஆய்வு நிலையத்தில் கருவிகளுக்குப் பொறுப்பானவர். கொட்டாஞ்சேனை ஆள், நல்ல வேலைக்காரர். நான் காலநிலையை முன்கூட்டிச் சொல்லும் கணினி மொடல் செய்கிறவன். அதில் கடலை நூறு கிலோமீற்றர்க் கட்டங்களாகப் பிரிப்போம். கட்டத்துக்குள் சுற்றும் சின்னச் சுழிகள் கணினிக்குத் தெரியாது. அவை மேல்நீரின் சூட்டைக் கீழே எவ்வளவு இழுக்கின்றன என்பதை நாங்களே ஓர் எண்ணாகக் கொடுக்க வேண்டும். அந்த ஓர் எண்ணைப் பிடிக்க எனக்கு எட்டு வருடம் போனது. அதைப் போட்டால் மொடல் சொன்ன மழையும் பெய்த மழையும் அச்சொட்டாகப் பொருந்தின.

ஒஸ்வால்ட்டுக்கு அது போதவில்லை. படகு பிடித்துப் போய், குழாயில் பூட்டிய வெப்பமானியை இறக்கி இறக்கி அளந்தார். 2007 மார்ச்சில் தாள்களை என் மேசையில் வைத்தார்.

"சேர், கோவிக்காதேங்கோ. எங்கட எண் பிழை. சுழி மூண்டு மடங்கு இழுக்குது. இன்னும் ஒருக்காப் போய் அளந்தால் அறிக்கை எழுதிடலாம்."

அவர் சொன்னது சரி. அன்று பின்னேரமே அவருடைய எண்ணைப் போட்டுப் பார்த்தேன். என் மழை முழுக்கக் குழம்பியது. எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். எட்டு வருடத்தை ஒரு குழாயும் கயிறும் தின்றுவிடுவதா?

யுத்த காலத்தில் ஒரு தமிழன் வயரும் குழாயுமாகப் படகேறுவதென்றால், இது ஆய்வு வேலைதான் என்று உறுதி சொல்லும் என் கடிதம் மாதாமாதம் சோதனைச் சாவடிக்குப் போயிருக்க வேண்டும். புறப்படுமுன் ஒஸ்வால்ட், ஏப்ரல் கடிதம் போய்விட்டதா என்று கேட்டார். "ஓம், அனுப்பியாச்சு. நீர் போம்" என்றேன்.

படையினர் அவரைக் கரையில் வைத்தே கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் அவர்களில் இரண்டு பேர் என்னிடம் வந்து, இப்படி அளப்பது உங்கள் வேலைக்குத் தேவையா என்று விசாரித்தார்கள். நூறு கிலோமீற்றருக்குச் சின்னதான எதையும் எங்கள் மொடல் பார்ப்பதில்லை என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஒஸ்வால்ட் பிறகு வீடு திரும்பவில்லை. அவர் மனைவி புளோறன்ஸ் மாதம் ஒருமுறை என்னிடம் வருவார். "சவுந்தரநாயகம் சேர், அந்த மாசக் கடிதத்தின்ர கொப்பி ஒண்டு தந்தால், கொண்டுபோய்க் காட்டிக் கேப்பன்" என்பார். தேடுகிறேன் என்பேன். தேத்தண்ணி கொடுப்பேன். அவர் கலக்கிக்கொண்டே இருப்பார், குடிக்க மாட்டார். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருக்கும்.

கடிதம் என் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. மார்ச் கடைசியிலேயே கையெழுத்து வைத்து, உறையில் விலாசமும் எழுதிவிட்டேன். என் கடமையில் குறையில்லை. அனுப்பினால் அவர் அளந்துகொண்டு திரும்பி வந்துவிடுவார். அதனால்தான் அனுப்பவில்லை. இந்த வருடமும் மழை நான் சொன்ன அளவிலேயே பெய்தது.